எல்லாரும் ஏறியாச்சா?

ஆகஸ்ட் 7, வியாழன்

நாளைக்கு அவர் படம் வெளியாகிறது. யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்து, தலை பாதி நரைத்த பிறகு, பூபாலன் என்ற பெயர் போஸ்டரில் தனியாக வந்திருக்கிறது. கீரை வாங்கப் போனபோது விருகம்பாக்கம் மார்க்கெட் சுவரில் பார்த்தேன். ஒரு வேன் மலை ஏறுகிறது. ஜன்னலுக்கு ஒரு தலையாகக் குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. மேலே 'எல்லாரும் ஏறியாச்சா?' என்று மஞ்சள் எழுத்தில் தலைப்பு. கீழே 'குலுங்கக் குலுங்கச் சிரிக்க, குடும்பத்தோடு வாங்க.'

இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நிறுத்தி, கழற்றித் திருப்பிப் போடவைத்து அனுப்பினேன். அவர் அம்மா, என் அத்தை, குலசாமிக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்.

முதல் காட்சிக்கு எல்லாருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறார். எனக்கு லேபில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். லீவு நான் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படம் ஓடிவிட்டது. மதியமே தெரிந்துவிட்டதாம். சாயங்காலம் அவர், அத்தை, மகள் தூரிகா, நாத்தனார் இந்துராணி, அவள் வீட்டுக்காரர் என்று எல்லாரும் ஆட்டோவிலிருந்து ஒரே கூச்சலாக இறங்கினார்கள். அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. இத்தனை வருஷம் பட்டது வீண் போகவில்லை. அதை அவரிடம் சொன்னேன். 'ஆமா செம்பகம்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே போன் அடித்தது.

பிறகு ஹாலில் உட்கார்ந்து, தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டிக் கேட்பார்களே, அந்த வீடியோக்களை ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தார். நான் தோசை வார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது ப்ரோ!"

"ரொம்ப நாள் கழிச்சு அம்மா அப்பாவோட வந்து பாத்தோம். ஒரு இடத்துலகூட நெளியல."

"காடு, மலை, அருவின்னு கண்ணுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. ஏசி வேலை செய்யலன்னாலும் தெரியல."

"அந்த இன்டர்வல் சீன் இருக்குல்ல, தியேட்டரே அதிருது!"

இன்டர்வல் சீன் என்று யாராவது சொன்னால், அவர் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். தோசை ஒன்று கருகிவிட்டது. அதை நானே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

லேபில் ரத்தம் எடுக்கும்போது ஆள் ஊசியைப் பார்க்கக்கூடாது. அதற்காக ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். 'முடிஞ்சதும் என்ன சாப்பிடப் போறீங்க?' என்பதுதான் வழக்கமான கேள்வி. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு அதைவிட இனிப்பான பேச்சு இல்லை. இன்றைக்கு என்னவோ, 'புதுப் படம் பாத்தீங்களா?' என்று வாயில் வந்தது. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. வெள்ளைக் கோட்டும் மாஸ்க்கும் போட்டால் எல்லாரும் ஒரே ஆள்தான்.

ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி ஒருவர், "காட்டுக்குள்ள மூணு நாள் கூடாரம் போட்டுத் தங்குறாங்க, ஒருத்தன் சட்டையிலயும் கறை இல்லம்மா, இஸ்திரிப் பெட்டியும் எடுத்துட்டுப் போனாங்களா?" என்றார். நியாயமான கேள்வி. வீட்டில் போய்ச் சொல்லக்கூடாத கேள்வி.

ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்திருந்தார்கள். மாமியார்தான் அந்த இடைவேளைக் காட்சியை முழுக்கச் சொன்னார்.

"மலை மேல போயி ஜமக்காளத்த விரிச்சு எல்லாரும் வரிசையா உக்காருறாங்க. ஆளுக்கொரு தட்டு கையில. அந்த மாமனார் தட்ட நீட்டுறாரு. நீட்டிக்கிட்டே இருக்காரு. ஒண்ணும் விழல. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க. 'சோறு போட ஆள் எங்க?'ன்னு கேக்குறாரு பாரு! அப்பதான் தெரியுது, மருமகள வழியிலயே விட்டுட்டு வந்துட்டாங்கன்னு. அய்யோ, இன்டர்வல்னு போட்டதுகூடத் தெரியாம சிரிச்சேன்!"

அந்தம்மாவின் கை குலுங்கியதில் ஊசி போட முடியவில்லை. சிரித்து முடிக்கும் வரை நின்றேன். அடுத்து மருமகள் கையை நீட்டினாள். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கையை நன்றாக மடக்கி இறுக்கியிருந்தாள். நரம்பு உடனே கிடைத்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

அது எங்கள் கதைதான். தூரிகா மூன்றாவது படிக்கும்போது நடந்தது. அத்தை அப்போது கம்பம் ஊரில் இருந்தார். முழுப்பரீட்சை லீவுக்குப் போயிருந்தோம். வேன் பிடித்து மேகமலைக்குப் போனோம். செக்போஸ்ட் பக்கத்தில், கொண்டுபோன காப்பியைக் குடிக்க நிறுத்தினார்கள். பிறகு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஆள்களை எண்ண மாட்டார்கள். எண்ணினால் கண் பட்டுவிடும், ஒன்று குறைந்துவிடும் என்பது அத்தையின் பயம். பந்தியில் இலையை எண்ணலாம், ஆளை எண்ணக்கூடாது. அதனால் எங்கே கிளம்பினாலும் அத்தை முன் சீட்டிலிருந்து, 'எல்லாரும் ஏறியாச்சா?' என்று பொதுவாக ஒரு குரல் விடுவார். யாராவது ஒருத்தர் 'ஏறியாச்சு' என்பார்கள். அவ்வளவுதான் கணக்கு. நான் எப்போதும் பின்னால் பாத்திரக் கூடைகளோடு உட்காருகிறவள். திரும்பிப் பார்த்தால் கூடை தெரியும், நான் தெரியமாட்டேன்.

இந்தக் கதையைக் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு விசேஷம் விடாமல் அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் கல்லும் சிரிக்கும். அழுதுகொண்டு செக்போஸ்ட்டில் நான் நின்ற மாதிரி நடித்தும் காட்டுவார். 'அப்படித்தான மதினி?' என்று இந்துராணி கேட்பாள். நான் பாயசம் ஊற்றிக்கொண்டே 'ஆமா' என்பேன்.

சினிமாவாகவும் எடுப்பார் என்று நினைக்கவில்லை. கதை விவாதத்தின்போது எங்கள் வீட்டில்தான் எட்டுப் பேர் உட்கார்ந்து பேசினார்கள். டீ கொண்டுபோகும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம். கதவைத் திறந்தால் அடங்கிவிடும்.

ஆகஸ்ட் 13, புதன்

இஸ்திரிக்காரரும் படம் பார்த்துவிட்டார். கேஸ் சிலிண்டர் வந்தது. மிக்ஸி ஜாரில் வாஷர் போய்விட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் டிவி பேட்டியில் சொல்லிவிட்டார். "இது எங்க வீட்ல நிஜமா நடந்ததுங்க. நாங்க மறந்துட்டுப் போனது என்னோட மனைவியைத்தான்." பேட்டி எடுத்த பெண் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு சிரித்தாள். "மேடம் உங்கள சும்மாவா விட்டாங்க?" என்று கேட்டாள். "இன்னிக்கு வரைக்கும் என்னை மன்னிச்சுட்டேதான் இருக்காங்க" என்றார். நல்ல பதில். முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்.

ராத்திரிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார். எதிர் வீட்டு அம்மா, "கடைக்குப் போனா பாத்துக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க!" என்கிறார். லேபில் கூட வேலை செய்யும் எஸ்தர் மட்டும், "அக்கா, உங்களுக்கு இது ஓகேவா?" என்று கேட்டாள். அப்போது இருபது டியூப்புக்குப் பெயர் ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்துராணி குடும்பம் வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, கோலா உருண்டை, ரசம். தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இந்துராணி வீட்டுக்காரர் தட்டை நீட்டி, படத்தில் வரும் குரலிலேயே, "சோறு போட ஆள் எங்க?" என்றார். வீடே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். கரண்டி என் கையில்தான் இருந்தது. தூரிகா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ உக்காரும்மா" என்றாள். பசி போயிருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். ஒரு டிவி சேனல் 'நிஜக் குடும்பம்' என்று எங்களை வைத்து நிகழ்ச்சி எடுக்கப்போகிறது. 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதே மாதிரி வேன், அதே மாதிரி மலை. மேகமலை ரொம்ப தூரம், ஏலகிரி போதுமாம். மலை என்று ஒன்று இருந்தால் சரி.

"நீ ஒரு அரை மணி நேரம் செக்போஸ்ட்ல நிக்கணும் செம்பகம். நாங்க வேன்ல போயிட்டுத் திரும்பி வருவோம். ஒரு கேமரா உன்கூட இருக்கும். நடிக்கவெல்லாம் வேணாம், நீ நீயா இரு."

"அழணுமா?"

"வந்தா நல்லாருக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வரலன்னா வேணாம்" என்றார்.

அடுத்த படத்துக்குப் பேசிக்கொண்டிருக்கும் தயாரிப்பாளருக்கு இந்த நிகழ்ச்சியில் ரொம்ப ஆசையாம். அடுத்த படமே இதில்தான் நிற்கிறது என்று தெரிகிறது. அத்தை அதற்குள் என்ன புடவை கட்டுவது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காய்ச்சல் சீசன். லேப் வாசல் வரை கூட்டம். நின்று நின்று கால் வீங்கிவிட்டது.

ஒரு லாரி டிரைவர் வந்தார். நாமக்கல் பக்கம். உடம்பு அனலாகக் கொதித்தது. பழக்க தோஷத்தில் படம் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"பாத்தேனுங்க. எல்லாரும் சிரிக்கறாங்க, எனக்குச் சிரிப்பே வரலீங்க" என்றார்.

"ஏன்?"

"வேனு கெளம்புனதுல இருந்து வேனையே காட்டுறானுங்க. பாட்டு பாடறாங்க, டான்ஸ் ஆடறாங்க. அந்தப் புள்ளைய ஒருக்காகூடக் காட்ட மாட்டீங்கறான். காட்டு ரோடுங்க அது. நானு ராத்திரி பகலா வண்டி ஓட்டுறவன். அந்தப் புள்ள அங்க தனியா என்ன பண்ணுச்சோ, என்ன ஆச்சோன்னே எனக்கு ஓடிட்டு இருந்துச்சு. அப்பறம் காட்டுனான் பாருங்க, கொரங்கு தொரத்துதாமா. அட போடான்னு வந்துட்டேன்."

முதல் குத்து தப்பிவிட்டது. எனக்கு அப்படித் தப்பி வருஷக்கணக்காகிறது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க, இன்னொரு கை இருக்குதில்ல" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

லாரி டிரைவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அது அவரிடம் உள்ள நல்ல குணம், படத்தைப் பற்றி யார் சொன்னாலும் கேட்பார்.

"ஒருத்தர் ரெண்டு பேருக்கு அப்படி இருக்கும்" என்றார். "மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"சிரிச்சேங்கறாங்க."

"அவ்ளோதான்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அங்க கேமராவ அவகிட்ட விட்டா சிரிப்பு நின்னுரும் செம்பகம். அந்த இடம் வேன்லதான் இருக்கணும். சரி, நீ எப்பதான் பாக்கப் போற? ஊரே சொல்லியாச்சு. உன் வாயால ஒரு வார்த்தை கேக்கணும் எனக்கு."

பார்க்கிறேன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தியேட்டர்காரர் யாரோ கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேன் போன பிறகு அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. மாவு ஆட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சேனலிலிருந்து ஒரு பையனும் பெண்ணும் வந்து வீட்டைப் பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள். "மேடம், அன்னிக்கு என்ன கலர் புடவை கட்டியிருந்தீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் "பச்சை" என்றார். அத்தை "ஊதா" என்றார். இரண்டும் இல்லை. அன்றைக்கு நான் சுடிதார் போட்டிருந்தேன், அத்தைக்குப் பிடிக்காமல் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பச்சையே கட்டுகிறேன் என்றேன். அலைச்சல் மிச்சம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பார்த்துவிட்டேன். லேப் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் வடபழனியில் மேட்னி ஷோவுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு குண்டு அம்மா பாப்கார்ன் பக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

நல்ல படம். உள்ளதைச் சொல்ல வேண்டும். மாமனார் கூடாரத்துக்குள் மாட்டிக்கொண்டு கூடாரத்தோடு எழுந்து நடக்கிற இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். காடு அப்படிப் பச்சையாக இருக்கிறது. சின்ன விஷயங்களையெல்லாம் அவர் கவனித்து வைத்திருக்கிறார். ஊறுகாய் பாட்டிலை நான் பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவது, தூரிகா சின்ன வயதில் ஜன்னல் கம்பியை நக்குவது, எல்லாம் அப்படியே வருகிறது. இவ்வளவையும் பார்த்திருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவையும் பார்த்தவர்தானே என்றும் இருந்தது.

இடைவேளைக் காட்சி வந்தது. தட்டு நீட்டுகிறார்கள். தியேட்டர் அதிர்ந்தது. குண்டு அம்மா தன் தொடை என்று நினைத்து என் தொடையில் அடித்துச் சிரித்தார்.

இடைவேளைக்குப் பிறகு அவள் வருகிறாள். குரங்கு துரத்துகிறது, சேற்றில் விழுகிறாள், செக்போஸ்ட்காரரிடம் சைகையால் பேசி அழுகிறாள். வேன் திரும்பி வந்ததும் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு, 'என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க' என்கிறாள். பின்னால் புல்லாங்குழல்.

நான் அப்படிச் சொல்லவில்லை.

வெளியே வந்தால் வாசலில் ஒரு பெண் மைக்கை நீட்டினாள். தூரிகா வயதுதான் இருக்கும். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. "அக்கா, படம் எப்படி இருந்துச்சு?" என்றாள். கேள்வி கேட்கிறவளாகவே இருந்து பழகிவிட்டதால் ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. நல்லா இருந்துச்சு என்றேன். இன்னும் என்னவோ சொன்னேன். படம் வந்து இத்தனை நாள் ஆயிற்று, இதையெல்லாம் போடமாட்டார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லேப் லீவு. பூரணக் கொழுக்கட்டை, காரக் கொழுக்கட்டை, சுண்டல். பூரணம் கொஞ்சம் இளகிவிட்டது. அத்தை இரண்டு முறை சொல்லிக்காட்டினார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் ஹாலில் வழக்கம்போல வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து என் குரல் கேட்டது.

"படம் நல்லா இருக்கும்மா. நல்லா சிரிச்சேன். ஒண்ணே ஒண்ணுதான் சரியா இல்ல. அந்தப் பொண்ணு அப்படி அழ மாட்டா."

"ஏன்க்கா?"

"அவளுக்குத் தெரியாம வேன் போகல. அவ குழாயடியில டம்ளர் கழுவிக்கிட்டு, பாத்துக்கிட்டேதான் நின்னா. 'எல்லாரும் ஏறியாச்சா'ன்னு மாமியார் கேட்டதும் அவ காதுல விழுந்துச்சு. 'ஏறியாச்சு'ன்னு புருஷன் சொன்னதும் விழுந்துச்சு. ஒரு சத்தம் குடுத்திருந்தா நின்னிருக்கும். அவ குடுக்கல."

"ஏன் குடுக்கலக்கா?"

"எவ்ளோ தூரம் போறாங்கன்னு பாக்கலாம்னுதான்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "சூப்பர்க்கா, எத்தனை மார்க் குடுப்பீங்க?" என்றாள். "பத்துக்கு எட்டு" என்றது என் குரல்.

அவர் திரும்பவும் போட்டுக் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நெஜமாவா?"

"ம்."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்க. அது எனக்குத் தெரியும்."

அவர் வெண்டைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா அழுதியே. நாங்க வந்து இறங்கறப்போ நீ அழுதுட்டிருந்த. நான் பாத்தேன். அது பொய்யில்லையே?"

"வந்து இறங்கினதும் என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே வரவில்லை.

"'கரண்டிய எங்க வச்ச?'ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம்தான் அழுதேன்."

கரண்டி என் கைப்பையில் இருந்தது. ஸ்பூன் கிடைக்காமல் காப்பிக்குச் சர்க்கரை போட எடுத்து, ஞாபகமறதியாகப் பையில் போட்டிருந்தேன். மலை மேல் கூடையையெல்லாம் கவிழ்த்துத் தேடியிருக்கிறார்கள். கரண்டியைத் தேடும்போதுதான் நான் இல்லை என்பது தெரிந்திருக்கிறது. இதை இந்துராணியே பலமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். படத்தில் கரண்டி இல்லை. அவர் அதை மட்டும் மறந்துவிட்டார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை, எழுதிவிடுகிறேன். அங்கே நான் பயப்படவே இல்லை. செக்போஸ்ட்காரர் ஒரு நாற்காலி போட்டார். மரத்து நிழலில் உட்கார்ந்தேன். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு நேரம் யாரும் என்னைக் கூப்பிடாமல் இருந்தது அன்றைக்குத்தான். வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு இருந்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. அப்புறம் வெயில் உச்சிக்கு வந்தது. இந்நேரம் ஒருத்தருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். அதற்குப் பிறகு அவ்வளவு நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

என் வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். தூரிகா வாசித்துக் காட்டினாள்.

'இந்த அக்கா வேற படம் பாத்துட்டு வந்திருக்காங்க.'

'லாஜிக் பாக்காம சிரிச்சுட்டுப் போங்க ஆன்ட்டி.'

'எங்க அம்மாவும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க.'

கடைசியாக வாசித்ததற்குக் கீழே யார் யாரோ 'எங்க அம்மாவும்', 'எங்க அம்மாவும்' என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். தூரிகா போனை வைத்துவிட்டு, "நான் அன்னிக்கு அப்பா மடியில தூங்கிட்டு இருந்தேன்மா" என்றாள். தெரியும் என்றேன். அவளுக்குத் தலை வாரிவிட்டு வெகுநாளாகிறது. வாரிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

அவர் இரண்டு நாளாக என்னோடு நேராகப் பேசவில்லை. கோபம் இல்லை, அது எனக்குத் தெரியும். பேச வருகிறார், வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். நாளைய நிகழ்ச்சி உண்டா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சேனல் பையன் மட்டும், 'மார்னிங் ஆறு மணிக்கு வேன் வந்துரும் மேடம், பச்சை புடவை' என்று எனக்குச் செய்தி அனுப்பினான்.

என் வீடியோவைப் பற்றி அத்தையிடம் இந்துராணி போனில் சொல்லியிருக்கிறாள். மத்தியானம் துணி மடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நான் கேட்டேன்ல, எல்லாரும் ஏறியாச்சான்னு? அவந்தானத்தா ஏறியாச்சுன்னான். என் மேல தப்பில்ல" என்றார்.

"உங்க மேல தப்புன்னு நான் சொல்லல அத்தை."

கொஞ்ச நேரம் ஒரு துண்டையே மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கிட்டு காத்து நல்லா அடிச்சுச்சா?" என்று கேட்டார்.

"நல்லா அடிச்சுது அத்தை."

"அடிக்கும், அடிக்கும். மலையில்ல" என்றார். மடித்த துணியை அவரே கொண்டுபோய் அலமாரியில் வைத்தார்.

வழிக்குப் புளிச்சோறு கிளற வேண்டும். ராத்திரியே புளி ஊறவைத்தால்தான் ஆகும். நான் ஊறவைக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வேன் கீழே நிற்கிறது. நான் மேலே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பச்சைப் புடவை கட்டிலில் மடித்தது மடித்தபடி இருக்கிறது. டீ போட்டுக்கொண்டேன், எனக்கு மட்டும்.

ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கிறது. இந்துராணி குடும்பம் போரூரிலிருந்து வந்துவிட்டது. சேனல் பையன் கேமராவோடு முன்னாலும் பின்னாலும் ஓடுகிறான். அவர் இறங்கிப் போகும்போது என்னைக் கூப்பிடவில்லை. வாசலில் நின்று ஒரு முறை பார்த்தார். கையில் ஒரு பை இருந்தது. உள்ளே கரண்டி இருப்பது வெளியே தெரிந்தது.

இப்போது அத்தையின் குரல். முன் சீட்டிலிருந்து, வழக்கம்போல.

"எல்லாரும் ஏறியாச்சா?"

பதில் இல்லை. இந்துராணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், தூரிகா அவளை அடக்கி, "அத்தை, சும்மா இருங்க" என்றாள்.

"என்னடா பூபாலா, கேட்டுக்கிட்டு இருக்கேன்ல? ஏறியாச்சா?"

"இல்லம்மா. ஒரு ஆள் குறையுது."

"அடப்பாவி, எண்ணாதடா! கண்ணு பட்டுரும்!"

"எண்ணிட்டேம்மா."

சேனல் பையன், "சார், மேடத்த இங்க விடக்கூடாது சார், செக்போஸ்ட்லதான் விடணும்" என்கிறான். டிரைவர் ஒரு முறை ஹாரன் அடித்தார். அவர் டிரைவரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னார். அணைந்துவிட்டது. இப்போது தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறார். முகத்தில் வெயில் படுகிறது. கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொள்கிறார், ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

டீ இன்னும் பாதி இருக்கிறது. தலை வாரவில்லை. போவதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை.

எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்க்கலாம்.